வரியா, சந்தாவா: மருத்துவச் செலவுக்கு எந்த வழியில் பணம் திரட்டுவது?

ஒரு நாட்டின் மருத்துவச் செலவுக்குப் பணம் வரும் வழிகள் முக்கியமாக நான்கு: பொது வரி, சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சந்தா, விருப்பப்பட்டு எடுக்கும் தனியார் காப்பீடு, நோயாளியின் கைக்காசு. எந்த நாட்டிலும் இவை கலந்துதான் இருக்கும். எதற்குப் பெரும்பங்கு என்பதில்தான் வேறுபாடு. புதிதாக ஒரு திட்டத்தை உருவாக்கும் நாடு எதை நம்ப வேண்டும் என்று கேட்டால், பொது வரி என்பேன். மாதச் சம்பளம் வாங்காதவர்களே பெரும்பான்மை என்றால் இதில் எனக்கு மறுயோசனையே இல்லை.

கைக்காசைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வருமானம் நிற்கும் அதே வாரத்தில் பில்லும் வருகிறது. விருப்பக் காப்பீட்டின் கோளாறை ஒரு கணக்கு காட்டிவிடும். 1,000 பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். நோயாளிகள் 100 பேருக்கு ஆண்டுக்கு ஆளுக்கு 600, மற்ற 900 பேருக்கு ஆளுக்கு 40 செலவாகிறது. மொத்தம் 96,000; தலைக்கு 96. உடல் நலமாக உள்ள 400 பேர் “நமக்கு எதற்கு” என்று விலகினால், மிச்சமுள்ள 600 பேரின் செலவு 80,000, தலைக்கு 133. இன்னும் 300 பேர் போனால் 226-ஐத் தாண்டும். விலை ஏற ஏற விலகுபவர்கள் நலமானவர்கள்தான். இதைத் தடுக்கக் காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். கட்டாயம் என்று வந்துவிட்டால், வரிக்கும் சந்தாவுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

சந்தா முறையின் தாய்வீடு ஜெர்மனி. 1883-ல் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் காலத்தில் வந்த சட்டம் அது. இன்று பொதுச் சந்தா விகிதம் சம்பளத்தில் 14.6 சதவீதம், முதலாளியும் தொழிலாளியும் ஆளுக்குப் பாதி. இதற்கு மேல், உறுப்பினர்களின் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிதியமும் தன் தேவைக்கேற்பக் கூடுதல் சந்தா வாங்கும். 2009 முதல் சந்தா முழுவதும் ஒரே மைய நிதிக்குப் போய், உறுப்பினர்களின் வயது, பாலினம், நோய் ஆகியவற்றைக் கணக்கிட்டு நிதியங்களுக்குப் பிரிந்து வருகிறது. அதனால் நலமான இளைஞர்களை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பதில் பெரிய லாபம் இல்லை. பணம் நிதி அமைச்சரின் கையில் இல்லாமல் தனியே இருப்பதும், தான் எவ்வளவு கட்டுகிறோம் என்று தொழிலாளிக்குத் தெரிவதும் உண்மையான பலங்கள். இருக்கிற முறை இப்படி ஓடும் நாட்டில் அதைக் கலைத்துவிட்டு வரிக்கு மாறச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த இயந்திரம் சம்பளப் பட்டியல் இருக்கும் இடத்தில்தான் ஓடும். என் முடிவைத் தீர்மானிப்பது இதுதான்: சம்பளப் பட்டியலில் இல்லாதவரிடம் சந்தாவை எப்படி வசூலிப்பது?

தெருவோர வியாபாரி, குத்தகை விவசாயி, வீட்டு வேலை செய்பவர், கட்டுமானக் கூலி என்று யாரை எடுத்தாலும் வசூலிப்பவருக்கு வேலை ஒன்றேதான். முதலில் ஆளைக் கண்டுபிடித்துப் பதிய வேண்டும். வருமானத்தை மதிப்பிட்டு, தொகையை வாங்கி, அடுத்த ஆண்டு மறுபடி புதுப்பிக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்கிறார்கள். வருமானம் தெரியாததால் தென்கொரியா சுயதொழில் செய்பவர்களின் வீடு, நிலம், கார் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துச் சந்தா போட்டது. சொத்து இருந்தும் வருமானம் இல்லாத முதியவர்களுக்கு அது பாரமானது. ஆனாலும் 1977-ல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி 1989-க்குள் எல்லோரையும் சேர்த்துவிட்டார்கள். வேகமான தொழில் வளர்ச்சியும் அரசின் மானியமும் கூடவே இருந்தன. மாறாக ஜெர்மனியில், எல்லோரும் ஏதாவதொரு காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற கடமை முழுமையானது 2009-ல்தான்.

கானாவின் அனுபவம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2003 சட்டப்படி வந்தது காப்பீட்டுத் திட்டம், பெயரும் காப்பீடுதான். ஆனால் அதைத் தாங்குவது பொருள், சேவைகள் மீது விதிக்கும் 2.5 சதவீத வரி. முறைசாராத் தொழிலாளர்கள் கட்டும் சந்தா வருவாயில் மிகச் சிறு பங்கு. அந்தச் சிறு பங்குக்காகத்தான் அட்டை, ஆண்டுப் புதுப்பிப்பு, அலுவலகம், ஆள் எல்லாம். அட்டை காலாவதியானது பலருக்குத் தெரியவருவது, மருத்துவமனைச் சீட்டு வாங்கும் இடத்தில்தான். “புதுப்பிச்சுட்டு வாங்க” என்று ஊழியர் சொல்வதில் தவறில்லை, விதி அப்படி. காய்ச்சலோடு நிற்கும் குழந்தைக்கு அந்த விதியால் ஒரு பயனும் இல்லை.

ஏழைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதாதா? யார் ஏழை என்று தீர்மானிக்க இன்னொரு கணக்கெடுப்பு தேவை; அதில் தகுதியானவர்கள் விடுபடுவார்கள், தகுதியற்றவர்கள் நுழைவார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை, ஏழைப் பட்டியலிலும் இல்லாமல் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் நடுவில் நிற்பவர்கள்.

தாய்லாந்து இந்தப் பாதையை முழுவதும் நடந்து பார்த்த நாடு. அரசு ஊழியருக்கு ஒன்று, தனியார் ஊழியருக்குச் சமூகப் பாதுகாப்பு, ஏழைகளுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு விருப்பப்பட்டு வாங்கும் நல அட்டை என்று நான்கு திட்டங்கள் இருந்தும் கோடிக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். 2001-ல் தொடங்கி 2002-ல் சட்டமான திட்டம் கேள்வியைத் தலைகீழாக்கியது: முதல் இரண்டு திட்டங்களில் இல்லாத குடிமக்கள் அனைவரும் உள்ளே. சந்தா இல்லை, ஒரு முறை போனால் 30 பாட், ஏழைகளுக்கு அதுவும் இல்லை. பணம் பொது வரியிலிருந்து வந்தது. அடையாள எண்ணே தகுதி என்பதால், புதுப்பிக்க மறந்துபோனவர் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

அதே திட்டம் செலவைக் கட்டிப்போட்ட விதத்தையும் கவனியுங்கள். வெளிநோயாளிகளுக்கு, பதிந்த தலைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொகை. உள்நோயாளிகளுக்கு, நோய்வகைக்கு ஒரு விலை, மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு. ஒவ்வொரு ஊசிக்கும் பரிசோதனைக்கும் தனித்தனியாகப் பில் போட விட்டால், பணம் வரியில் வந்தாலும் சந்தாவில் வந்தாலும் போதாது. தலைத்தொகைக்கும் ஒரு ஆபத்து உண்டு. குறைவாகச் சிகிச்சை கொடுத்தால் மருத்துவமனைக்கு மிச்சம். அதனால் செலவு மிகுந்த சில சிகிச்சைகளுக்குத் தனிநிதி வைக்க வேண்டியிருக்கும்.

வரி முறையின் பலவீனத்தை மூடி மறைக்கக் கூடாது. பட்ஜெட் இறுகினால் முதலில் நீள்வது வரிசை. இங்கிலாந்தில் பரிந்துரையிலிருந்து 18 வாரத்துக்குள் 92 சதவீதத்தினருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016 முதல் எட்டப்படவில்லை. ஏழை நாடுகளில் பட்ஜெட் தாமதம் வேறு முகத்தோடு வரும்: மருந்து தீர்ந்துபோகும், வெளியே வாங்கச் சீட்டு எழுதுவார்கள், இலவசம் என்பது பலகையில் மட்டும் இருக்கும். நோயாளி மறுபடி கைக்காசுக்கே வந்துவிடுகிறார். எனவே ஆண்டுதோறும் தலைத்தொகையைச் செலவுக் கணக்கின் அடிப்படையில் நிர்ணயிக்கும் விதியும், முடிந்தால் மருத்துவத்துக்கென்றே ஒதுக்கும் வரியும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் 2012-ல் புகையிலை, மது வரியை உயர்த்தி, கூடுதல் வருவாயில் பெரும்பகுதியை ஏழைகளின் காப்பீட்டுக்குத் திருப்பியது. எந்த வரி என்பதும் முக்கியம்: அன்றாடப் பொருள்கள் மீதான வரியை மட்டும் நம்பினால் ஏழையின் சிகிச்சைக்கு ஏழையே கட்டுகிறார்.

இந்தச் சாய்வை முதியோரின் நீண்டகாலப் பராமரிப்புக்கும் அப்படியே நீட்ட எனக்குத் துணிவில்லை. அங்கே செலவு பல ஆண்டுகள் நீளும். ஜெர்மனி 1995-ல் அதற்குத் தனிச் சந்தா கொண்டுவந்தது. ஜப்பான் 2000-ல் 40 வயதிலிருந்து கட்டும் சந்தாவையும் வரிப்பணத்தையும் பாதிக்குப் பாதி சேர்த்தது. அங்கே 40 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதாவதொரு காப்பீட்டுப் பட்டியலில் இருந்ததால்தான் அந்த வசூல் சாத்தியமானது.