பெரிங்ஹார்ஜோ சந்தை: விலை கேட்கும் முன் துணியைத் திருப்புங்கள்

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில், மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி எடுக்க வேண்டுமென்றால் பெரிங்ஹார்ஜோ சந்தையைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் எது எதுவென்று தெரியாமல் போனால் ஏமாற்றம்தான். 1755இல் ஜாவாவின் மாத்தராம் அரசு இரண்டாகப் பிரிந்தபின், யோக்யகர்த்தாவின் முதல் சுல்தான் முதலாம் ஹமெங்குபுவோனோ தன் தலைநகரில் அரண்மனை, திடல், சந்தை எல்லாவற்றையும் அடுத்தடுத்து அமைத்தார். அதனால் இன்றும் அரண்மனையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். மேற்கு வாசலில் நுழைந்தால் இருபுறமும் துணிக்கடைகள். மாலை 5 மணி வாக்கில் மூடத் தொடங்கிவிடுவார்கள். காலையிலேயே போவது நல்லது.

குவியலில் பெரும்பகுதி இயந்திர அச்சு. விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். சாந்திங் என்ற செம்பு மூக்குப் பேனாவால் உருக்கிய மெழுகை ஊற்றி வரைந்தது 'துலிஸ்'. செம்பு அச்சால் மெழுகை ஒற்றியது 'சாப்'. நாம் சாப்பா குத்துகிறோமே, அதேதான். "துலிஸ் அதாவ் சாப்?" (துலிஸா, சாப்பா?) என்று கேளுங்கள். பதில் வந்தபின் துணியைத் திருப்புங்கள். இயந்திர அச்சுத்துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும். துலிஸில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம், ஏனென்றால் பின்புறமும் மெழுகு வரைகிறார்கள். புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சாப் துணியில் அச்சு சேரும் இடத்தில் கோடு மயிரிழை விலகியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ நிற்கும். கோலத்தின் நடுவே மெல்லிய நரம்புபோல் சாயம் ஓடியிருந்தால், மெழுகுக் கலவையில் பாரஃபின் அதிகம். அது காய்ந்து வெடித்து, வெடிப்பில் சாயம் புகுந்திருக்கிறது. சிலருக்கு அதுவே அழகு. நுணுக்க வேலைக்குப் பணம் கொடுப்பவர் ஒதுக்கிவிடலாம்.

தரமான துலிஸ் ஒன்றை முடிக்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அச்சுத்துணி விலையில் அது கிடைக்காது. இந்தச் சந்தைக்கு நம் தீர்ப்பு: சாப் துணிக்கு முதல் தரம், துலிஸ் தேடுபவருக்குப் பொறுமை வேண்டும்.

கோலத்தையும் பார்த்து எடுங்கள். வெள்ளைத் தரை யோக்யா பாணி. மஞ்சள் கலந்த பழுப்பு, சோகான் நிறம், பக்கத்து அரச நகரமான சுரகார்த்தாவின் பாணி. சாய்வாக ஓடும் 'பாராங் ருசாக்' கோலம் ஒருகாலத்தில் அரச குடும்பத்துக்கே உரியது. இன்றும் அதை உடுத்திக்கொண்டு அரண்மனைக்குள் போகாதீர்கள். திருமண வீட்டில் மணமக்களின் பெற்றோர் உடுத்துவது நட்சத்திரப் பூக்கள் தூவிய 'துருந்தும்' என்ற கோலம். பரிசுக்கு அதுதான் பொருத்தம்.

நீளத்துணி சுமார் 2.5 மீட்டர் நீளம், 1.05 மீட்டர் அகலம். அரைக்கைச் சட்டைக்குப் போதும், ஆனால் பாராங் எடுத்தால் சாய்கோடு இரு பக்கமும் பொருந்த வேண்டும், வெட்டில் துணி கூடுதலாகப் போகும். தையல்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சந்தையை ஒட்டிய கடைவீதியான மலியோபோரோவில் "கண்காட்சி இன்றே கடைசி" என்று யாராவது வந்து அழைத்தால் நடையைக் கட்டுங்கள். கூட்டிப்போகிறவருக்குத் தரகு உண்டு, அது உங்கள் விலையில்தான் ஏறும்.

துவைக்க சோப்புத்தூள் வேண்டாம். அங்கே லெராக் போடுகிறார்கள்; நம் பூந்திக்கொட்டையின் உறவுதான் அது. ஊறவைத்துக் கசக்கிய நுரையில் அலசி, முறுக்காமல், நிழலில் உலர்த்துங்கள்.