எச்சில் குப்பிக்கு அபராதம்: ரெயூனியனில் ஒரு மரபணு ஆலோசனை

லண்டனில் எச்சில் குப்பியை இணையத்தில் வரவழைத்து, துப்பி, அஞ்சலில் திருப்பி அனுப்பினால் சில வாரங்களில் மரபணு அறிக்கை கைப்பேசிக்கு வந்துவிடும். அதையே ரெயூனியனில் இருந்துகொண்டு செய்தால் 3,750 யூரோ வரை அபராதம். எங்கள் தீவு பிரான்சின் ஒரு பகுதி. ஒருவருடைய மரபணுவை மருத்துவத்துக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ மட்டுமே ஆராயலாம் என்பது பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 16-10ஆம் பிரிவு. 2021இல் உயிரியல் நெறிச் சட்டத்தைத் திருத்தியபோதும் இந்தத் தடையில் கைவைக்கவில்லை. விற்பவருக்கு மட்டுமல்ல, சோதனை கேட்பவருக்கும் அபராதம் உண்டு என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் முகவரிக்குக் குப்பியை வரவழைத்துக்கொள்வது அத்தனை சாதாரணமாகிவிட்டது.

சேன் ஆந்த்ரேயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் செய்திருந்தார். அவருடைய முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் பணம் கட்டினார். வந்த பதில் "தென்னிந்தியா". வருடம் தவறாமல் தைப்பூசக் காவடி எடுக்கிறவருக்கு இதைச் சொல்ல ஓர் ஆய்வகம் தேவையா? சேன் தெனியில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பாட்டனாரின் பதிவெண்ணைத் தேடியிருந்தால் கப்பலின் பெயராவது கிடைத்திருக்கும் என்றேன். அடுத்த வாரமே போவதாகச் சொன்னார்.

வம்சம் தேடுவதில் ஏமாற்றத்தோடு போயிற்று. நோயைத் தேடுவது வேறு விவகாரம். எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

தாத்தா 1950களில் புதுச்சேரியிலிருந்து ஆசிரியராக இங்கே வந்தவர். அம்மம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனார். பெரியம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது, பெரியம்மா தப்பவில்லை. லண்டனில் இருக்கும் பெரியம்மா மகள் எச்சில் சோதனை செய்து, "மாற்றம் எதுவும் காணப்படவில்லை" என்ற வரியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எல்லோரும் வாழ்த்தினோம். சித்தி மகளோ அதை நம்பி, தான் செய்துகொள்ள வேண்டிய மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டாள்.

அந்த ஒரு வரிக்கு உண்மையில் என்ன பொருள் என்று பாருங்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களில் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மாற்றங்கள் ஆயிரத்துக்கும் மேல் அறியப்பட்டிருக்கின்றன. நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் இத்தகைய சோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் முதன்முதலாக அனுமதி கொடுத்தபோது அது பார்த்தது மூன்றே மாற்றங்களை. அவையும் அஷ்கனாசி யூதர்களிடம், அதாவது கிழக்கு, மத்திய ஐரோப்பிய வழி யூதர்களிடம், அதிகம் காணப்படுபவை. பிறகு எண்ணிக்கை கூடியது என்றாலும் மரபணு முழுவதையும் படிப்பதாகாது. ஆக, காணப்படவில்லை என்றால் தேடிய சிலவற்றில் இல்லை என்றுதான் அர்த்தம். அறிக்கையின் அடியில் இதை எழுதித்தான் இருக்கிறார்கள். கைப்பேசியில் அவ்வளவு கீழே யார் போகிறார்கள்?

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. இந்தச் சோதனைகளின் கச்சாத் தரவில், அதாவது சரிபார்க்கப்படாத மூலத் தரவில், காணப்பட்டதாகச் சொல்லப்பட்ட மாற்றங்களை ஒரு மருத்துவ ஆய்வகம் மறுபடி சோதித்தது. 40 சதவீதம் பொய்யென்று 2018இல் வெளியிட்டது. 49 பேரின் மாதிரிகள்தான், சிறிய ஆய்வு. ஆனால் அந்த நாற்பதில் ஒருவராக இருந்து பார்த்தால் தெரியும்.

இனி மருத்துவமனை. குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமல் மரபியல் பிரிவில் நேரம் கிடைக்காது. கடிதம் கொடுத்தும் சித்தி மாதக் கணக்கில் காத்திருந்தார். தொலைபேசியை எடுக்க ஆளில்லை. எடுத்தால் வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்கள். தடை போட்ட அரசு, அந்தத் தடைக்கு ஈடான எண்ணிக்கையில் ஆலோசகர்களை நியமித்திருக்க வேண்டாமா என்பதே என் கோபம். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் மரபணு ஆலோசகர் என்று ஒரு தொழிலையே உண்டாக்கி, மார்சேயில் முதுகலைப் படிப்பும் வைத்திருக்கிற நாடு இது.

உள்ளே போனபின் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆலோசகரான இளம்பெண் ஒருவர் குடும்ப வரைபடம் போட வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் சாய்கோடு, நோய் வந்தவருக்குக் கறுப்பு. "உங்கள் அம்மா எந்த ஆண்டு இறந்தார், மதாம்?" என்று கேட்டார். சித்திக்கு ஆண்டு நினைவில்லை. "இயாசேந்த் புயலுக்கு அடுத்த வருடம்" என்றார். அந்தப் பெண் சற்றும் யோசிக்காமல் 1981 என்று எழுதினார், தீவுக்காரிதான். அம்மம்மா கட்டிக்கொண்டது தன் தாய்மாமனை என்று சித்தி கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னபோது, முகத்தில் எதையும் காட்டாமல் தாத்தாவையும் அம்மம்மாவையும் இரட்டைக் கோட்டால் இணைத்தார். சொந்தத்தில் மணம் முடிப்பதால் கூடும் நோய்கள் வேறு வகை, இரண்டு பக்கமும் ஒரே பழுது சேர்ந்தால் வருபவை. இந்தப் புற்றுநோய்க்கு ஒரு பக்கம் வந்தாலே போதும், பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று விளக்கினார்.

லண்டன் அக்காவின் அறிக்கையைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை, அதாவது சித்தியை. அவரிடம் மாற்றம் தெரிந்தால்தான் மற்றவர்களிடம் எதைத் தேடுவது என்று தெரியும் என்றார். தெற்காசியர்களின் தரவு குறைவாக இருப்பதால் "பொருள் தெளிவில்லை", அதாவது மாற்றம் இருக்கிறது, ஆபத்தானதா என்று தெரியவில்லை என்ற முடிவும் வரலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார். சித்தி மகளின் பரிசோதனையை இனியும் தள்ளக் கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது.

சித்தி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில்தான் சிக்கல். கடுமையான மாற்றம் தெரியவந்து, தடுக்கவோ சிகிச்சை தரவோ வழியிருந்தால், அபாயத்தில் உள்ள உறவினருக்குச் சொல்வது பிரெஞ்சுச் சட்டப்படி கடமை. லெ போர் என்ற ஊரில் இருக்கும் மாமாவோடு, வீட்டுப் பங்குத் தகராறுக்குப் பிறகு சித்தி பேசுவதே இல்லை. மாமாவுக்கு இரண்டு பெண்கள்.

"அவனுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்?" என்றார் சித்தி.

தானே சொல்ல விருப்பமில்லையென்றால் மருத்துவர் வழியாகக் கடிதம் அனுப்பலாம். அதில் சித்தியின் பெயரோ நோயின் பெயரோ இருக்காது, மரபியல் ஆலோசனைக்கு வரும்படி அழைப்பு மட்டுமே இருக்கும் என்று அந்தப் பெண் சொன்னார். சித்தி அதையும் மறுத்தார். மொட்டைக் கடிதம் போட்டதாக அவன் ஊரெல்லாம் சொல்வான் என்றார். கடைசியில், அப்படி ஏதாவது தெரிந்தால் மாமியிடம் தானே பேசிக்கொள்வதாக ஒப்புக்கொண்டு இரத்தம் கொடுத்தார்.

முடிவு வர இன்னும் பல மாதங்கள் ஆகும். எனக்கு மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். முடியாதாம், சித்தி நேரில் வந்து உட்கார்ந்தால்தான் சொல்வார்கள். லண்டன் அக்கா அவளுடைய மருத்துவரிடம் தேசிய மருத்துவச் சேவையின் மரபியல் பிரிவுக்குப் பரிந்துரை கேட்டிருக்கிறாள். விடுமுறையில் ஊருக்குப் போய் வீட்டாரை இப்படி அழைத்துப்போக நினைப்பவர்கள், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவர் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று அப்பா வழியிலும் விசாரித்து வையுங்கள்; அங்கே அதைத்தான் நெடுநேரம் கேட்டார்கள், எங்களிடம் பாதிக்குமேல் பதில் இல்லை.