ரெசல்யூம் அரினா: தூணுக்குப் பின்னாலும் படம் ஓட வேண்டுமா?

கல்யாண வரவேற்புகளுக்கு லைவ் வீடியோ மிக்ஸிங் செய்கிறவன் நான். முன்பெல்லாம் மேடைக்குப் பின்னால் ஒரே ஒரு எல்இடி வால்தான் (எல்இடி பெட்டிகளை அடுக்கிய பெரிய திரை), அதற்கு ஓபிஎஸ் என்ற மென்பொருள் போதும், ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு ஓரத்தை இழுத்தால் படத்தை வெட்டிக் கொடுத்துவிடும், காசும் கிடையாது. இப்போது நடுவில் ஒரு பெரிய வால், தூண்களுக்கு வெளியே பக்கத்துக்கு ஒன்று என்று மூன்றாகக் கேட்கிறார்கள். ஒரு வரவேற்பில் மணமக்கள் பெயரை மூன்று வாலுக்கும் சேர்த்து ஓடவிட்டேன். இடது வாலில் மறைந்த எழுத்து அடுத்த நொடியே நடு வாலில் குதித்தது, இடையில் ஒரு மீட்டர் தூண் நிற்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெண்ணின் மாமா வந்து, "தம்பி, பேரு ஏன் நொண்டி நொண்டிப் போகுது?" என்றார்.

அதற்கப்புறம் வாங்கியதுதான் ரெசல்யூம் அரினா, நெதர்லாந்துக்காரர்கள் செய்யும் மென்பொருள். இதில் அட்வான்ஸ்டு அவுட்புட் என்று ஒரு ஜன்னல் உண்டு, நான் கொடுத்த காசு முழுக்க அந்த ஜன்னலுக்குத்தான். அதில் இரண்டு தாவல்கள். இன்புட் செலக்‌ஷனில் படத்தின் எந்தத் துண்டை எடுப்பது என்று வெட்டுகிறோம், அவுட்புட் டிரான்ஸ்ஃபர்மேஷனில் அந்தத் துண்டு எந்தத் திரையில் எந்த இடத்தில் உட்காரணும் என்று வைக்கிறோம். ஒன்றைத் தொட்டால் மற்றது நகராது. இந்தப் பிரிவினை மண்டையில் ஏற எனக்கு ஒரு வாரம் ஆனது.

கணக்கோடு சொன்னால்தான் புரியும். வாலைக் கட்டும் பெட்டிதான் கேபினெட். பி 3.91 (பிக்ஸல் இடைவெளி 3.91 மி.மீ.) கேபினெட் அரை மீட்டருக்கு அரை மீட்டர், அதில் 128க்கு 128 பிக்ஸல். நடு வால் 12க்கு 5 கேபினெட் என்றால் 1536க்கு 640. பக்க வால் 3க்கு 5, அதாவது 384க்கு 640. தூண் நிற்கும் ஒரு மீட்டருக்கு 256 பிக்ஸல். எல்லாவற்றையும் கூட்டி காம்போசிஷனை, அதாவது மொத்தப் படத்தை, 2816க்கு 640 என்று வைத்துவிட்டு, தூண் வரும் இரண்டு இடத்திலும் ஸ்லைஸ் (வெட்டியெடுக்கும் துண்டு) போடாமல் விட்டுவிட வேண்டும். எழுத்து தூணுக்குப் பின்னால் போய் அந்தப் பக்கம் ஒழுங்காக வெளியே வரும், மாமாவும் வாயைத் திறக்க மாட்டார்.

ஆனால் லேப்டாப்பிலிருந்து போகும் எச்டிஎம்ஐ 1920க்கு 1080தானே, 2816 எப்படிப் போகும்? அந்த 1920க்கு 1080 கட்டத்துக்குள் நடு வாலின் துண்டை மேலே இடது மூலையில் வைத்து, வலது வாலை அதை ஒட்டி வைத்தால் சரியாக 1920 வந்துவிடும். கீழே மிச்சம் 440 உயரம்தான், இடது வாலுக்கு 640 வேண்டும். அதனால் அதை மட்டும் மூன்று கேபினெட் உயரம், இரண்டு கேபினெட் உயரம் என்று இரண்டு ஸ்லைஸாக வெட்டி கீழே பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். படத்தை வாலுக்கு அனுப்பும் எல்இடி சென்டிங் கார்டின் மென்பொருளிலும் கேபினெட்டுகளை அதே வரிசையில் காட்டிவிட்டால் போதும், ஒரே கேபிளில் மூன்று வாலும் ஓடும். டெஸ்ட் கார்டு (கோடு போட்ட சோதனைப் படம்) போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஒரு கேபினெட் மாறியிருந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

குறை என்றால் முதலில் விலை. நான் வாங்கியபோது 799 யூரோ, அதை ரூபாயில் மாற்றிப் பார்த்துவிட்டு ஒரு நாள் வீட்டில் சொல்லவே இல்லை. இவர்களுடைய இன்னொரு மென்பொருளான அவென்யூ விலை குறைவுதான், ஆனால் இப்படித் துண்டுகளைத் திரைகளில் பொருத்தும் மேப்பிங் வேலைக்கு அரினாதான் வேண்டும். சோதனைப் பதிப்பு இலவசம், படத்தின் மேல் அவர்கள் லோகோவும் இடையிடையே ஒரு குரலும் வரும், வீட்டில் பழக அது தாராளமாகப் போதும். அப்புறம் எம்பி4 கோப்புகளை அப்படியே போடாமல் அவர்களுடைய டிஎக்ஸ்வி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் ஓட்டம் சுகமாக இருக்கும், ஆனால் கோப்பு வீங்கிவிடும், ஹார்ட் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்த வெட்டு அமைப்பைத் தனி பிரீசெட்டாகச் சேமிக்கலாம் என்பது. மண்டபத்துக்கு ஒரு பிரீசெட் என்று இப்போது ஏழு வைத்திருக்கிறேன், வீடியோக்களைத் தொடாமல் பிரீசெட்டை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. ஒரே வால்தான் என்றால் இதை வாங்காதீர்கள், ஓபிஎஸ்ஸிலேயே இருங்கள். மூன்று வால் என்றால் வாங்குங்கள், கூடவே அளக்க ஒரு டேப்பும் எடுத்துப் போங்கள், தூணின் அகலத்தை மண்டப மேனேஜர் சொன்னால் நம்ப வேண்டாம்.