ஷரன் ஜோன்ஸோட கிறிஸ்மஸ் ஆல்பம் கேட்டுட்டு எழுதுறேன்

கிறிஸ்மஸ் ஆல்பம்னாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். நவம்பர் பொறந்தா போதும், பேர் வாங்கின பாடகர்ங்க ஒவ்வொருத்தரா அதே பத்துப் பாட்ட அதே வயலின் அதே மணிச்சத்தத்தோட பாடி ஒரு ஆல்பம் போட்டுடுவாங்க, ஜனவரி வந்தா அத யாரும் சீண்டக்கூட மாட்டாங்க. அதனாலயே அமெரிக்க சோல் பாடகி (சோல்னா கறுப்பினத்தவங்க சர்ச் பாட்டுலருந்து வளந்த இசை) ஷரன் ஜோன்ஸும் அவங்க பேண்ட் டாப்-கிங்ஸும் போட்ட 'இட்ஸ் அ ஹாலிடே சோல் பார்ட்டி'ய ரொம்ப நாள் கேக்காமலே விட்டிருந்தேன். இப்ப என்னன்னா மே மாசத்துலயும் கேட்டுட்டு இருக்கேன்.

2015 அக்டோபர் கடைசில டாப்டோன் ரெக்கார்ட்ஸ்ங்கற கம்பெனில வந்தது. 11 பாட்டு, மொத்தமே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான்.

மொதல்ல ரெண்டாவது பாட்டப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா நான் இந்த ஆல்பத்துக்குள்ள போனதே அது வழியாத்தான். 'எய்ன்ட் நோ சிம்னிஸ் இன் த ப்ராஜெக்ட்ஸ்'. ப்ராஜெக்ட்ஸ்னா நியூயார்க் மாதிரி ஊர்ல ஏழைங்களுக்குக் குறைஞ்ச வாடகைல அரசாங்கம் கட்டி விட்ட அடுக்குமாடி வீடுங்க. அங்க குளிருக்குக் கட்டடம் முழுக்க ஒரே கொதிகலன், அதுலருந்து குழாய் வழியா சூடு வரும், வீட்டுக்கு வீடு குளிர்காயற அடுப்பும் புகைபோக்கியும் கிடையாது. பரிசு கொண்டு வர்ற சாண்டா, அதான் கிறிஸ்மஸ் தாத்தா, வர்றதோ புகைபோக்கி வழியா. அப்ப அந்த வீட்டுக் கொழந்தைக்கு சந்தேகம் வருமா வராதா? நம்ம வீட்ல புகைபோக்கியே இல்லயேம்மா, கிறிஸ்மஸ் மரத்தடில பொம்மை எப்படி வந்துச்சுன்னு அம்மாகிட்ட கேக்குது. பெரியவளாகி தனக்குன்னு புள்ளைங்க பொறந்ததுக்கு அப்புறம்தான் அத வெச்சது யாருன்னு அதுக்குப் புரியுது. கதை இவ்ளோதான், ஆனா ஷரன் இத அழ வெக்கணும்னு பாடல, சிரிச்ச முகமா பாடற மாதிரிதான் இருக்கு, அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ற மாதிரி. 1968ல சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் சாண்டாவ நேரா சேரிக்குப் போன்னு ஒரு பாட்டு பாடினாரு, இது அதோட தங்கச்சி பாட்டுன்னு தோணும் எனக்கு. 2009லயே சின்ன ரெக்கார்டா தனியா வந்த பாட்டு இது, ஆல்பத்துல சேத்திருக்காங்க.

இந்தப் பாட்ட யார் வேணா பாடலாம் ஆனா நம்பற மாதிரி பாடணுமே. ஷரன் பொறந்தது 1956ல ஜார்ஜியாவுல அகஸ்டா, வளந்தது நியூயார்க்ல புரூக்ளின், பாடிப் பழகினது சர்ச்ல. கல்யாண வீடுங்கள்ல பாடற பேண்ட்ல பாடிருக்காங்க, ரைக்கர்ஸ் தீவு ஜெயில்ல காவலரா இருந்திருக்காங்க, பேங்க் பணம் ஏத்திட்டுப் போற கவச வண்டில துப்பாக்கியோட வேலை பாத்திருக்காங்க. மொத ஆல்பம் வர்றப்ப 2002, நீங்களே வயசு கணக்குப் பண்ணிக்கோங்க. நீ ரொம்ப கறுப்பு, குண்டு, குட்டை, வயசும் ஆச்சுன்னு ஒரு ரெக்கார்ட் கம்பெனிக்காரர் மூஞ்சிக்கு நேரா சொன்னத அவங்களே நெறைய பேட்டில சொல்லிருக்காங்க. 1996 வாக்குல லீ ஃபீல்ட்ஸ்ங்கற சோல் பாடகரோட ரெக்கார்டிங்குக்குப் பின்பாட்டு பாட மூணு பேர் வேணும்னு கேட்டிருக்காங்க, இவங்க தனியா போய் மூணு பேரோட பங்கையும் தானே பாடிட்டு வந்திருக்காங்க. அப்ப அங்க இருந்த கேப்ரியல் ராத்தான் பின்னாடி நீல் சுகர்மன் கூட சேந்து டாப்டோன் ஆரம்பிச்சவரு, டாப்-கிங்ஸ்ல பேஸ் கிட்டார் வாசிச்சவரும் அவர்தான். ரெக்கார்டுல பாஸ்கோ மான்ங்கற பேர்ல இருப்பாரு.

ஆல்பத்தோட மொதப் பாட்டே கிறிஸ்மஸ் பாட்டு இல்ல, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 'எய்ட் டேஸ் ஆஃப் ஹனுக்கா', யூதர்ங்க எட்டு ராத்திரி தினமும் ஒரு மெழுகுவத்தி கூடக் கூட ஏத்துற பண்டிகை, அத சர்ச்ல வளந்த ஒரு கறுப்பினப் பொண்ணு முழு மனசோட பாடறாங்க, ப்ராஸ், அதான் ட்ரம்பெட் மாதிரி ஊதற வாத்தியங்க, சும்மா தூக்கிட்டுப் போகுது. யோசிச்சுப் பாத்தா இது ஒண்ணும் ஒட்டாத விஷயம் இல்ல, 'ஒயிட் கிறிஸ்மஸ்' எழுதின இர்விங் பெர்லினே யூதர்தானே. அந்த 'ஒயிட் கிறிஸ்மஸ்' இங்க மூணாவதா வருது. பிங் கிராஸ்பி குரல்ல அத மெதுவா, போர்வைய இழுத்துப் போத்திக்கிற மாதிரி கேட்டுப் பழகினவங்க கொஞ்சம் தயாரா இருங்க, இங்க அது ஓட்டம், டான்ஸ் ஆடற வேகம்.

அதுக்கு நேர் எதிரா 'சைலண்ட் நைட்'. 1818ல ஆஸ்திரியாவுல ஒரு சின்ன ஊர் சர்ச்ல மொதல்ல பாடினது, உலகம் முழுக்கக் குரல உசத்தாம தாலாட்டு மாதிரிதான் பாடுவாங்க. ஷரன் அத ப்ளூஸா, மனசுல இருக்கற வலிய இறக்கி வெச்சுப் பாடற கறுப்பின இசையா மாத்திட்டாங்க, மெதுவாத்தான் போகுது ஆனா ஒவ்வொரு வரியயும் இழுத்து, நடுவுல நிறுத்தி, திரும்பப் புடிச்சு, சர்ச்ல சாட்சி சொல்றவங்க சொல்வாங்க பாருங்க அந்த மாதிரி. கண்ண மூடிட்டு கேட்டேன். இந்த ஒரு பாட்டுக்காகவே காசு குடுக்கலாம்.

சவுண்ட் பத்தி ஒரு வார்த்தை. டாப்டோன்காரங்க புரூக்ளின் புஷ்விக்ல ஒரு பழைய வீட்ட ஸ்டுடியோவா மாத்தி, கம்ப்யூட்டர நம்பாம டேப்லயே ரெக்கார்ட் பண்றவங்க. டிரம்ஸ் ஒரு ரூம்ல நெஜமா அடிக்கிற மாதிரி கேக்கும், ட்ரம்பெட் சாக்ஸபோன் எல்லாம் பளபளன்னு இல்லாம கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும். பாடகி ஏமி வைன்ஹவுஸோட 'பேக் டு பிளாக்' ஆல்பம் கேட்டிருந்தீங்கன்னா இந்தக் கை உங்களுக்குத் தெரிஞ்ச கைதான், அதுல பாதிப் பாட்டுக்கு வாசிச்சது இதே டாப்-கிங்ஸ். புதுசுன்னே தெரியாது, அறுபதுகள்ல வந்த ரெக்கார்ட யாரோ தூசி தட்டிப் போட்ட மாதிரி இருக்கும்.

எல்லாமே அருமைன்னு சொல்ல மாட்டேன். 'சில்வர் பெல்ஸ்' எனக்கு ஒட்டவே இல்ல, நல்லா வாசிச்சிருக்காங்க ஆனா ஷரனுக்கு வேணுங்கற அளவுக்கு அதுல எடம் இல்ல. 'ஃபங்கி லிட்டில் டிரம்மர் பாய்' மொத ரெண்டு தடவை ஜோரா இருக்கும், அப்புறம் தாண்டிப் போயிடுவீங்க. சார்ல்ஸ் பிரவுன் பாடின 'ப்ளீஸ் கம் ஹோம் ஃபார் கிறிஸ்மஸ்' பரவால்ல. வீட்ல பார்ட்டின்னா 'பிக் பல்ப்ஸ்' போடுங்க, ஷரன் ஒரு வரி, கூடப் பாடற பொண்ணுங்க ஒரு வரின்னு போகும், தெரியாதவங்களும் கூடச் சேந்து பாடிடுவாங்க.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. 2013ல ஷரனுக்கு கணையத்துல கேன்சர்னு தெரிஞ்சுது, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிச்சு மொட்டைத் தலையோடயே மேடை ஏறி ஆடினாங்க. 2015 செப்டம்பர்ல அவங்களப் பத்தின டாக்குமெண்டரிய டொரோண்டோவுல போட்டப்போ நோய் திரும்ப வந்துடுச்சுன்னு அவங்களே சொன்னாங்க. அடுத்த மாசமே இந்த ஆல்பம். 2016 நவம்பர் 18 அன்னிக்குப் போயிட்டாங்க, 60 வயசு. அதாவது இந்த ஆல்பம் வந்ததுக்கு அப்புறம் அவங்க பாத்த கிறிஸ்மஸ் ஒண்ணே ஒண்ணு. இது தெரிஞ்சுக்கிட்டு திரும்பக் கேட்டேன், எங்கயாவது ஒரு எடத்துல குரல் தளர்ந்திருக்கான்னு தேடித்தேடிக் கேட்டேன், என் காதுக்கு ஒரு எடத்துலயும் படல.

கடைசிப் பாட்டு 'காட் ரெஸ்ட் யீ மெர்ரி ஜென்ட்ஸ்', அதுல அவங்க குரலே கிடையாது, பேண்ட் மட்டும் வாசிக்குது. முன்னாடியெல்லாம் பத்தாவது பாட்டோட நிறுத்திடுவேன். இப்ப நிறுத்தறதில்ல, பேண்ட் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கேன்.