போதை மீட்பு நீதிமன்றத்துக்கு நிதி: சொந்த அமைப்பா, அறக்கட்டளையின் நிழலா?

போதைப் பழக்கத்தால் வழக்கில் சிக்கியவர்களைச் சிறைக்குப் பதில் நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சைக்கு அனுப்புபவை போதை மீட்பு நீதிமன்றங்கள். 1989இல் மயாமியில் தொடங்கிய இவை இன்று அமெரிக்கா முழுக்க உண்டு. பேருந்துச் சீட்டு, பல் சிகிச்சை, மீட்பு இல்லத்தின் முதல் வார வாடகை: ஒருவர் தடம் மாறுவதும் மீள்வதும் இந்தச் சின்னச் செலவுகளில்தான். அரசுப் பணம் பல நேரம் இங்கே எட்டாது. இதற்கு நிதி திரட்ட எது வசதி: சொந்தமாக ஒரு லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்குவதா, ஏற்கெனவே இருக்கும் அறக்கட்டளையின் கீழ் இயங்குவதா?

செலவு
சொந்த அமைப்பு: 501(சி)(3) எனும் வரிவிலக்குக்கான விண்ணப்பத்துக்கு 600 டாலர், ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாத சிறு அமைப்பென்றால் சுருக்கப் படிவம், 275 டாலர்.
அறக்கட்டளையின் கீழ்: விண்ணப்பமே வேண்டாம், நன்கொடையில் ஒரு பங்கை நிர்வாகத்துக்குப் பிடிப்பார்கள்.

வேலை
சொந்தம்: இயக்குநர் குழு, கணக்கு, ஆண்டு அறிக்கை. தொடர்ந்து 3 ஆண்டு அறிக்கை தராவிட்டால் வரிவிலக்கு தானாகவே போய்விடும்.
அறக்கட்டளை: அவர்களே பார்ப்பார்கள்.

முடிவெடுக்கும் உரிமை
சொந்தம்: உங்கள் குழுவுக்கு.
அறக்கட்டளை: கடைசிச் சொல் அவர்களுடையது.

எந்த வழியானாலும் நீதிபதியை நன்கொடை கேட்க அனுப்பாதீர்கள். அவர் முன் வாதாடும் வழக்கறிஞரால் எப்படி மறுக்க முடியும்? நீதித்துறை நடத்தை விதிகளும் இதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன.

நாலைந்து தன்னார்வலர்கள் மட்டும் இருந்தால் அறக்கட்டளையோடு சேருங்கள். ஆண்டுதோறும் நிதி திரட்டும் எண்ணமும், கணக்குப் பார்க்க நம்பகமான ஒருவரும் இருந்தால் சொந்த அமைப்பு.