ரெட் ஹேட்டா, ஆல்மாவா? காப்பி எடுக்கலாம், அப்டேட்?

"தம்பி, லினக்ஸ்னா இலவசம்தானே, எதுக்குப் பணம்?" மூன்று சர்வர்களையும் மாற்ற வேண்டி வந்தபோது எங்கள் ஆபீஸ் கணக்காளர் அண்ணன் கேட்டது இது. அவற்றில் ஓடிய சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்துக்கு 2021 டிசம்பரோடு அப்டேட் வருவது நின்றுவிட்டது. நான் யோசித்தவை இரண்டு: ரெட் ஹேட் நிறுவனத்தின் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸும், அதையொட்டி உருவான இலவச ஆல்மாலினக்ஸும். நான் ஆல்மாவைப் போட்டேன். அந்தச் சாய்வு இதில் தெரியும்.

வேகத்திலும் கமாண்டுகளிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை. குழப்பமெல்லாம் லைசென்ஸில்தான்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வருவது ஜிபிஎல் என்ற திறந்த லைசென்ஸில். வாங்கியவர் அதைக் காப்பி எடுக்கலாம், பிறருக்குத் தரலாம், விற்கவும் செய்யலாம். ரெட் ஹேட் என்ற பெயரும் தொப்பிச் சின்னமும் மட்டும் வணிக முத்திரை. அவற்றை நீக்கிவிட்டு, அதே மூல நிரலிலிருந்து மறுபடி கட்டியதுதான் பழைய சென்ட்ஓஎஸ்.

அப்படியென்றால் ரெட் ஹேட் விற்பது எதை? சந்தாவை, அதாவது அப்டேட்டையும் உதவியையும். சந்தாவில் பதியாத சர்வரில், அப்டேட் இறக்கும் கமாண்டான 'டிஎன்எஃப் அப்டேட்' என்று அடித்தால், பதிவு செய்யவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். சரி, ஒரு சந்தா வாங்கி, அதில் இறங்கும் அப்டேட்டை மற்ற இரண்டுக்கும் போட்டால்? ஜிபிஎல் அதைத் தடுக்காது. சந்தா ஒப்பந்தம் தடுக்கும். ஓடும் ஒவ்வொரு சர்வருக்கும் சந்தா வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பலரும் சறுக்குவது இங்கேதான். ஆல்மாவில் இந்தக் கணக்கே இல்லை. மூன்று சர்வரோ முப்பதோ, சந்தா இல்லாமலே அப்டேட் இறங்கும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூல நிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளருக்கு மட்டும் என்றாக்கியது. பொதுவில் இருப்பது, ரெட் ஹேட்டின் அடுத்த பதிப்புக்கு முன்னோட்டமான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும். அந்த மாற்றத்துக்குப் பிறகு ஆல்மா, ரெட் ஹேட்டின் அச்சு அசல் நகல் அல்ல. ரெட் ஹேட்டில் ஓடும் மென்பொருள் இதிலும் ஓட வேண்டும் என்பதே அதன் இலக்கு.

நான் ஓட்டுவது வெப் சர்வரும் சின்ன டேட்டாபேஸும்தான், எனக்கு இது போதும். மென்பொருள் விற்பவர் "ரெட் ஹேட்டில் ஓடினால்தான் உதவி" என்றால் பேசாமல் சந்தா கட்டுங்கள்.

கற்றுக்கொள்பவருக்கு ரெட் ஹேட்டே 16 கணினிகள்வரை இலவசச் சந்தா தருகிறது, தனிநபர் பெயரில். இதைச் சொன்னதும் அண்ணன் முகம் மலர்ந்தது: "அப்போ மூணையும் உங்க பேர்லயே போட்டுடுங்களேன் தம்பி!"