பறவைப் படங்களுக்கு ஒரு பாடி, ஒரு லென்ஸ்: கேனன் ஆர்7, ஆர்எஃப் 100-400

கேமரா வாங்க முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, கையில் மிஞ்சும் பணத்துக்கு ஏற்ற லென்ஸைப் பிறகு தேடுகிறார்கள். பறவைகளைப் படமெடுக்க விரும்புவோருக்கு இந்த வரிசை ஒத்துவராது. பறவை எவ்வளவு தொலைவில் இருக்கும், அங்கே வெளிச்சம் எப்படி, எவ்வளவு எடையைச் சுமந்து நடக்க முடியும் என்ற கேள்விகளுக்கான விடைதான் லென்ஸை முடிவு செய்கிறது. அந்த லென்ஸின் பலத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டு, அதன் குறையை ஓரளவு ஈடுகட்டும் பாடியே அதற்கு உகந்த பாடி. அந்த வகையில் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் இணை, 100 முதல் 400 மி.மீ. வரை ஜூம் செய்யும் கேனனின் ஆர்எஃப் 100-400 லென்ஸும் ஆர்7 பாடியும்.

2021இல் வெளிவந்த இந்த லென்ஸின் எடை 635 கிராம் மட்டுமே. இதே நிறுவனத்தின் உயர்வகை 100-500 லென்ஸ் இதைப்போல இரு மடங்குக்கும் மேல் கனக்கிறது. காலையிலிருந்து கழுத்தில் தொங்கும் கேமராவைச் சட்டென்று உயர்த்திக் குறிபார்க்க வேண்டிய கலையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. 400 மி.மீ. நிலையில் இதன் அதிகபட்சத் துளை (ஒளி நுழையும் வழி; எண் பெரிதானால் ஒளி குறையும்) எஃப்/8 என்பதைக் கேட்டதும் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த உயர்வகை லென்ஸும் 500 மி.மீ. நிலையில் எஃப்/7.1தான் தருகிறது. இரண்டுக்கும் இடையே மூன்றில் ஒரு ஸ்டாப் மட்டுமே வேறுபாடு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). அதிகம் பேசப்படாத இன்னொரு சிறப்பும் இதற்கு உண்டு. 400 மி.மீ. நிலையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவு வரை நெருங்கி ஃபோகஸ் செய்ய முடிவதால், பொருளை 0.41 மடங்கு அளவில் சென்சாரில் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லில்) பதிக்கிறது. பறவை கிடைக்காத வேளையில் தும்பியின் சிறகு நரம்புகளை இதே லென்ஸில் எடுத்துவிடலாம். மழைத்துளி, தூசு ஆகியவற்றுக்கு எதிரான காப்பு இதில் இல்லை. ஹூடையும் (லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளிமறைப்பையும்) தனியாகத்தான் வாங்க வேண்டும்.

பாடிக்கு வருவோம். 2022இல் வந்த ஆர்7இல் இருப்பது 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார். சிறிய சென்சாரில் போட்டால் 400 மி.மீ. லென்ஸ் 640 மி.மீ. ஆகிவிடும் என்று சொல்வது வழக்கம். உண்மையில் லென்ஸில் எதுவும் மாறுவதில்லை. காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகிறது. உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. இதே லென்ஸை 24.2 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்ட) பாடியில் பொருத்தி, அதே அளவுக்குப் படத்தை வெட்டினால் மிஞ்சுவது ஒன்பதரை மெகாபிக்சலுக்கும் சற்றுக் குறைவுதான். ஆர்7இல் அதே பகுதிக்கு 32.5 மெகாபிக்சல் முழுவதும் கிடைக்கிறது. தொலைவில் உட்கார்ந்திருக்கும் சிறு பறவையின் கண்ணும் இறகு வரிகளும் தெளிவாகத் தெரிவதற்கு இதுவே காரணம். ஆகவே, ஃபுல் ஃப்ரேம் எப்போதும் மேலானது என்ற பொதுவான நம்பிக்கை, பறவைக்கு அருகில் போகவே முடியாதவர்களுக்குப் பொருந்துவதில்லை.

பறவையின் கண்ணைத் தானே கண்டறிந்து தொடரும் ஃபோகஸ் வசதி ஆர்7இன் பெரிய பலம். மெக்கானிக்கல் ஷட்டரில் (திரை நகர்ந்து ஒளியைத் தடுக்கும் முறை) நொடிக்கு 15 படங்களும், எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை நகராமல் சென்சாரை வாசிக்கும் முறை) 30 படங்களும் எடுக்கலாம். பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு அரை நொடி முன்பிருந்தே காட்சியைப் பதிவு செய்யும் வசதியும் உண்டு. மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் கணத்தைப் பிடிக்க இது பெரிதும் உதவும். எனினும் இந்த வசதி எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டுமே இயங்குகிறது. இந்தச் சென்சாரோ காட்சியை மேலிருந்து கீழாக வாசித்து முடிக்க ஏறத்தாழ நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் சிறகு இடம் மாறிவிடுவதால், படத்தில் அது வளைந்தோ சாய்ந்தோ தெரியக்கூடும். பறந்துகொண்டிருக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரே நம்பகமானது. நொடிக்கு 15 படங்கள் அதற்குத் தாராளமாகப் போதும்.

இந்த இணையின் மெய்யான எல்லை வெளிச்சம். பறக்கும் சிறகை உறையவைக்க 1/2000 நொடி தேவை என்று கொண்டால், எஃப்/8இல் நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் காட்டும் எண்) 500 அளவில் முடிந்துவிடும். மேகமூட்டத்தில் அது 2000ஐத் தொடும். அடர்ந்த மரநிழலில் 8000 வரைகூடப் போகலாம். அவ்வளவு உயர்ந்த ஐஎஸ்ஓவில் சிறிய சென்சாரின் இரைச்சல் (படத்தில் தோன்றும் புள்ளிகள்) இறகின் நுண்மையை விழுங்கத் தொடங்கும். லென்ஸிலும் பாடியிலும் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பறவையின் அசைவை அல்ல. ஆகவே விடியலிலும் அந்தியிலும் அமர்ந்திருக்கும் பறவைகளோடு நிறுத்திக்கொண்டு, பறக்கும் படங்களை வெயில் ஏறிய பிறகு எடுப்பதே நல்லது.

மேடை நிகழ்ச்சிகளையோ, வீட்டுக்குள் குழந்தைகளையோ எடுப்பதுதான் உங்கள் முதன்மை விருப்பம் என்றால் இந்த இணையை வாங்க வேண்டாம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் கொண்ட ஆர்8 பாடியோடு ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்/8ஐவிட ஏறத்தாழ 20 மடங்கு ஒளியை அது உள்ளே விடும். ஆர்8 பாடிக்குள் அதிர்வுத் தடுப்பு இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பறவைகளே உங்கள் விருப்பம் என்றால், ஆர்7 பாடியை மட்டும் வாங்கி, அதனுடன் சேர்த்து விற்கப்படும் 18-150 லென்ஸுக்கான பணத்தை 100-400க்கு ஒதுக்கிவிடுங்கள்.